வண்டி போகாத கல்லூரி

எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லும் வேலை, நான் பள்ளியில் சேர்ந்த மூன்றாம் வருடம் என் தலையில் வந்து விழுந்தது. அதற்கு எனக்கு இருந்த ஒரே தகுதி, ஆசிரியர் கூட்டத்தில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான். தலைமையாசிரியை வெளியே போகிற போக்கில், "இந்த வருஷம் நீங்க பார்த்துக்கோங்க" என்றார். கணக்கு டீச்சர் என்றால் இதையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. நான் வாழ்நாளில் உள்ளே போய்ப் பார்த்த கல்லூரி ஒன்றே ஒன்று. அது நான் படித்தது.

சனிக்கிழமை காலையில் வேதியியல் ஆய்வகத்தின் சாமான் அறையில் உட்காருவேன். மூக்கு உடைந்த கண்ணாடிக் குடுவைகள், ஒரு தட்டு இல்லாத தராசு, நடுவில் நான். கல்லூரிகள் அனுப்பிய விளக்கப் புத்தகங்கள் மேஜைமேல் கட்டுக்கட்டாக இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே படம்தான். ஒரு மரம், அதன் கீழே மூன்று பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். எந்தக் கல்லூரியிலும் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எது டீச்சர் நல்லது?" என்று கேட்பார்கள். நான் மரத்தின் அளவைப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

அப்போது எல்லாக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். அதில் ஐந்து கட்டங்கள், நாலை நிரப்பினாலே செல்லும். முதல் கட்டத்தில் எழுதிய கல்லூரியில் உங்கள் மதிப்பெண்ணுக்கு இடம் இருந்தால் அதையே கொடுத்துவிடுவார்கள். இரண்டாவதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். முதலாவதில் இடம் இல்லையென்றால்தான் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. கிடைத்தது கிடைத்ததுதான், மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் மனதில் முதலில் இருப்பதை முதல் கட்டத்தில் எழுத வேண்டும். இது விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், எறும்பு படிக்கிற எழுத்தில் அச்சாகி இருந்தது.

நான் அந்த நாளில் ஒரு பஸ் டிரைவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மாடியில் ஓர் அறையும் ஒரு குழாயும் எனக்கு. கீழே டிரைவர் அண்ணன், அவர் மனைவி, ஒரே மகள். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மகள் என்னிடம்தான் பன்னிரண்டாவது படித்தாள். பிறக்கும்போது கையளவு இருந்ததால் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் வளர்ந்து அப்பாவைவிட அரைச்சாண் உயரமாகிவிட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை.

பொடிசுக்கு வானத்தைப் பார்க்கிற கிறுக்கு. என் அறைக்கு வெளியே மொட்டைமாடியில் ஒரு தகர டப்பாவை வைத்து, மழை பெய்தால் அதில் ஸ்கேல் விட்டு அளந்து நோட்டில் எழுதுவாள். காலை நாலே முக்காலுக்கு டிரைவர் அண்ணன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு படிக்கட்டின் கீழே நின்று கேட்பார்.

"பொடிசு, இன்னைக்கு வைப்பர் வேணுமா?"

"போகும்போது வேணாம்ப்பா. திரும்பி வரும்போது வேணும்."

அவர் வண்டியின் வைப்பர் இடது பக்கம்தான் ஓடும், டிரைவர் பக்கம் ஓடாது. அதனால் இந்தக் கேள்வி அவருக்கு வெறும் விளையாட்டில்லை. அவள் சொன்னது பத்துக்கு எட்டு முறை பலிக்கும். பலிக்காத நாளில் சாயங்காலம் அவர் நனைந்த துண்டை அவள் தலைமேல் போட்டுவிட்டுப் போவார். அந்த வீட்டுச் சிரிப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எத்தனையோ வீட்டில் குடியிருந்துவிட்டேன், அப்படி ஒரு வீடு அப்புறம் அமையவில்லை.

வானிலைப் படிப்பு எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் எதிலும் கிடையாது. கடற்கரை ஊரில் ஒரு கல்லூரியில் மட்டும் இருந்தது. பஸ்ஸில் ஏழு மணி நேரம். விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாமான் அறையில் எனக்கு நேரும் அவமானத்தை டிரைவர் அண்ணனிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"நீங்க அந்தக் காலேஜெல்லாம் பார்த்ததே இல்லையா டீச்சர்?"

"எங்கண்ணே பார்த்தேன்."

"நான் பதினாறு வருஷமா தினம் பார்க்கிறேன். வாசல் வரைக்கும்தான். ஆனா வாசல்ல நின்னா நிறையத் தெரியும்."

மறுநாள் அவருக்கு வார ஓய்வு. நான் சும்மாதான் கூப்பிட்டேன். மனிதர் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் என்னை மூலைக்குத் தள்ளிவிட்டு அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, பாலத்துக்கிட்ட இருக்கிற காலேஜ் எப்படி?"

"சொல்றேன். டிப்போவை விட்டு வண்டி வெளிய வந்ததும் எதிர்லயே ஒரு காலேஜ்..."

"அது வேணாண்ணே. பாலத்தை மட்டும் சொல்லுங்க."

"பாலத்துக்கு வண்டி பறந்தா போகும்? வர்றேன் இரு. டிப்போ எதிர்ல இருக்கிறது, பசங்க தங்கமான பசங்க. ஆனா பதினொரு மணிக்கே வெளிய வந்து டீக்கடையில நிப்பாங்க. ஏன்னு கேக்க உள்ள ஆள் இல்லை போல. அடுத்தது தண்ணித்தொட்டி ஸ்டாப். அந்தக் காலேஜ் பொண்ணுங்க ஏறும்போதும் சண்டை, இறங்கும்போதும் சண்டை. என்னடான்னு காதைக் கொடுத்துக் கேட்டா, பாடத்தைப் பத்தி. தைரியமாச் சேரலாம். அடுத்தது..."

"பாலம்."

"அவசரப்படாதே, நடுவுல ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருக்கு. பாலம் காலேஜ்ல வாத்தியாருங்களும் என் வண்டியிலதான் வருவாங்க. பசங்க எழுந்து இடம் கொடுப்பாங்க. பயத்துல எழுந்திருக்கிறது வேற, பிரியத்துல எழுந்திருக்கிறது வேற. கண்ணாடியில பார்த்தாலே தெரிஞ்சிடும். அது பிரியம். கடைசி ரயில்வே கேட். அங்க படிக்கிறதுங்க சாயங்காலம் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிடுங்க, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிடுங்க. நல்லா வேலை வாங்குறாங்கன்னு அர்த்தம். அதோட வண்டி திரும்பிடும்."

அதுதான் அவர் சொல்லும் முறை. எதைக் கேட்டாலும் டிப்போவிலிருந்துதான் கிளம்புவார். நடுவில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஆனால் நான் கொடுத்த எல்லா விளக்கப் புத்தகத்தையும்விட அது பிரயோசனமாக இருந்தது. பின்னால் அந்தக் கல்லூரிகளில் சேர்ந்த பிள்ளைகள் திரும்பி வந்து, "அண்ணன் சொன்னது அச்சு அசல் டீச்சர்" என்றார்கள்.

அன்று எல்லாருக்கும் பின்னாலிருந்து பொடிசு கேட்டாள்.

"அஞ்சாவதா கடற்கரைக் காலேஜ்?"

டிரைவர் அண்ணன், மேஜைமேல் சாலை வரைந்த சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டார்.

"அங்க என் வண்டி போகாது. தெரியாததைப் பத்தி நான் சொல்லக் கூடாது."

அக்காவுக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. அவள் வேலை முடிந்து வந்தால் கை நகமெல்லாம் வெளுத்து, விரல் நுனி ஊறிப்போய் இருக்கும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிப்பவள், வீட்டு விரிப்பையும் ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் மடிப்பாள். மாடிக் கொடியிலிருந்து எடுத்ததும் இரண்டு முனையை என் கையில் கொடுப்பாள். நான் என் முனைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும், பிறகு அவளை நோக்கி வர வேண்டும். அப்படி வரும்போதும் போகும்போதும்தான் எங்கள் பேச்செல்லாம்.

"அவ போகட்டும் டீச்சர். நான் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான் என் பிரயாணம். டிரைவர் பொண்டாட்டின்னு பேரு, நான் பஸ்ல போனது நாலு தடவை."

"அண்ணன் என்ன சொல்றார்?"

"என்ன சொல்வார். சரிங்கிறார். மகள் கேட்டு எதுக்கு இல்லேன்னிருக்கார்? நல்லா இழுத்துப் பிடிங்க, சுருக்கம் விழுது."

"இவ்வளவு தூரம் அனுப்ப உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?"

"பயம் இல்லாம? அதுக்காக அவளை மடிச்சுப் பெட்டியில வைக்கவா முடியும்?"

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஆளுக்கு ஒரு விண்ணப்பம்தான் வரும். அடித்தல் திருத்தல் இருந்தால் தள்ளுபடி. அதனால் வீட்டுக்கு வீடு நல்ல கையெழுத்து யாருக்கு என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் தேட வேண்டியதில்லை. டிரைவர் அண்ணனின் எழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். தினம் வண்டி நின்ற இடமும் நேரமும் வரிசையாக எழுதி டிப்போவில் கொடுக்கிற டிரிப் ஷீட்டில் பழகிய கை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் குளித்துவிட்டு, மேஜைமேல் பேப்பரை விரித்து, கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அப்போது கடன் வாங்கிய தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே வந்திருந்தேன். பொடிசு ஒரு காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். அதில் ஒரு சாலை வரைந்து, அதன் ஓரமாக ஐந்து கல்லூரிப் பெயரையும் எழுதியிருந்தாள். எண் போடவில்லை. எது முதல் என்று அந்த வீட்டில் சுவருக்குக்கூடத் தெரியும்போது எண் எதற்கு என்று நினைத்திருப்பாள். மறுநாள் அவளுக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டாள். நானும் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி அலுவலகத்தில் திருவிழாக் கூட்டம். நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள், ஒவ்வொன்றிலும் 'சரிபார்த்தேன்' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். டிரைவர் அண்ணன் டூட்டியின் நடுவே வண்டியைப் பள்ளிக்கு எதிரே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். வண்டியில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். நான் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினேன். எழுத்து எவ்வளவு அழகு என்று பார்த்தேன். ஐந்து பெயரும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்லும்போது எனக்கு முகம் சுடுகிறது.

பத்து நாள் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கல்லூரி வரிசையை மாற்ற விரும்புகிறவர்கள் பெற்றோருடன் நேரில் வந்து மாற்றிக்கொள்ளலாம், புதன்கிழமை நாலு மணி வரை. அன்று திங்கள். மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டு, பள்ளிப் பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பொடிசின் பிரதி பாதிக்குக் கீழே இருந்தது.

ஒன்று, டிப்போ எதிர்க் கல்லூரி. இரண்டு, தண்ணீர்த்தொட்டி. மூன்று, பாலம். நான்கு, ரயில்வே கேட். ஐந்து, கடற்கரை.

அவள் வாங்கக்கூடிய மதிப்பெண்ணுக்கு டிப்போ எதிர்க் கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டு இடம் கிடைக்கும். கிடைத்தால் மற்ற நாலு பெயரும் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவள் மூன்று வருடம் பதினொரு மணிக்கு வெளியே வந்து டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று மேகத்தைப் பார்க்க வேண்டியதுதான். நான் குடையை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மூவரும் சமையலறையில் இருந்தார்கள். டிரைவர் அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அக்கா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லி, பிரதியை மேஜைமேல் வைத்தேன். என் தலையிலிருந்து அதன்மேல் தண்ணீர் சொட்டியது.

பொடிசு அதை எடுத்துப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்பா, இது வண்டி போற வரிசைப்பா."

டிரைவர் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமா. பழக்கத்துல எழுதிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரை அறிந்த யாரும் அதை நம்பத்தான் செய்வார்கள். பாலத்தைப் பற்றிக் கேட்டால் டிப்போவிலிருந்து கிளம்புகிற மனிதர், ஐந்து கட்டத்தைக் கண்டால் வேறு எப்படி எழுதுவார்? நான் நம்பினேன். பொடிசும் நம்பினாள் என்றே நினைக்கிறேன். அக்கா மட்டும் கத்தியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"பழக்கமா?"

"பழக்கந்தான்."

"அவளைப் பெத்ததுலேர்ந்து கடற்கரை கடற்கரைன்னு இந்த வீட்ல பேச்சு. அது கடைசிக் கட்டத்துக்குப் போனது பழக்கமா?"

"நான் என்ன வேணும்னா எழுதினேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? பேனா உங்க கையில இருந்தது."

"அம்மா, விடும்மா" என்றாள் பொடிசு. "அதான் மாத்தலாம்னு டீச்சர் சொல்றாங்கல்ல."

"தப்பு என் பேர்லயும் இருக்குக்கா" என்றேன். "நான் படிச்சுப் பார்த்திருக்கணும்."

"உங்களை ஒண்ணும் சொல்லலை டீச்சர். நீங்க நாப்பது பேரைப் பார்த்தீங்க. இவர் ஒருத்தியைத்தானே பார்க்கணும்."

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. தட்டில் உருளைக்கிழங்கு வழக்கத்தைவிட அதிகமாகவே விழுந்தது, பேச்சுத்தான் இல்லை. மறுநாள் காலை டிரைவர் அண்ணன் படிக்கட்டின் கீழே வந்து நின்ற சத்தம் கேட்டது. கேள்வி கேட்காமலே போய்விட்டார். அன்று நன்றாக மழை பெய்தது.

புதன்கிழமை அவர் லீவு போட்டார். நாலு வருடத்தில் முதல் லீவாம். டிப்போவில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து விசாரித்தார்களாம். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் மூவரும் கிளம்பினோம். கல்லூரிச் சேர்க்கை அலுவலகம் இருந்த பெரிய ஊருக்கு இரண்டரை மணி நேரம். அவர் பயணியாக உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். முன்னால் ஆள் குறுக்கே வந்தால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். திருப்பத்தில் கை தானாக மடிமேல் திரும்பும். பொடிசு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவர் எதையும் கவனிக்கவில்லை.

அலுவலகம் ஒரு நீண்ட கூடம். ஏழு ஜன்னல், அதில் ஒன்றில்தான் ஆள். வரிசை வாசல் வரை இருந்தது. ஒரு பையனும் அவன் அப்பாவும் எங்களுக்கு முன்னால் நின்று எது முதல் என்று கடைசி நிமிஷம் வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றியது, காற்றுத்தான் வரவில்லை. எங்கள் முறை வந்தபோது மணி மூன்றே கால். ஜன்னலுக்குப் பின்னால் என் வயதுள்ள ஒரு பெண், காதில் பேனாவைச் செருகிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரே பேச்சைப் பேசிப் பேசி அவள் குரல் தேய்ந்திருந்தது.

"இருக்கிற பேரை இடம் மாத்திக்கலாம். புதுசா ஒரு பேர் சேர்க்க முடியாது. இந்தச் சீட்டுல மாத்தின வரிசையை எழுதுங்க. கீழே காரணம். பெத்தவங்க கையெழுத்து."

டிரைவர் அண்ணன் பேனாவை மகளிடம் நீட்டினார். அவள் வாங்கி ஐந்து பெயரையும் எழுதினாள், கடற்கரையை முதலில் வைத்து. பிறகு சீட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் காரணம் என்கிற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு எழுதினார். அதே அச்சுக் கோத்த எழுத்து. கையெழுத்தைப் போட்டுச் சீட்டை ஜன்னலுக்குள் கொடுத்தார்.

அந்தப் பெண் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"'முதல் இரண்டு பெயர்களைப் பழக்கத்தில் எழுதினேன். மற்றவற்றைத் தெரிந்தே எழுதினேன்.' என்ன சார் இது?"

"காரணம்."

"இப்படியெல்லாம் எழுதக் கூடாது. எழுத்துப் பிழைன்னு போடுங்க, போதும்."

"பிழை இல்லைம்மா. மூணாவது எழுதும்போது எனக்குத் தெரிஞ்சிடுச்சு, இது வண்டி போற வரிசைன்னு. கடற்கரையைத் தொடாம டிப்போவுக்கு எதிர்ல இருக்கிறது மேல வந்திருக்குன்னு. நிறுத்தியிருக்கலாம். வேற விண்ணப்பத்துக்கு டீச்சர்கிட்ட கெஞ்சியிருக்கலாம். நிறுத்தலை."

அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு ஜன்னலுக்குச் சொன்னதில்லை என்று அந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் பொடிசைப் பார்த்தாள். பொடிசு சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தாள், ஒரு வரியைக்கூடத் தாண்டாமல். அக்கா சொன்னது சரி. நான் இரண்டு நாளாக இந்த மனிதருக்காக அவளிடம் பரிந்து பேசியிருக்கிறேன்.

"ஏங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் அந்தப் பெண், குரலைத் தணித்து. "பிழைன்னு போட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நான் எழுதிக் கொடுத்த சீட்டுல இதுவரைக்கும் பொய் இருந்ததில்லைம்மா. அன்னைக்கு விண்ணப்பத்துல ஒண்ணு இருந்தது. அது போதும்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு காதிலிருந்த பேனாவை எடுத்து அந்தக் காரணத்தின் ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினாள். "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

யாரும் பதற வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கடற்கரைக் கல்லூரி கிடைத்தது. போனாள், படித்தாள், இன்றைக்கு ஒரு வானிலை நிலையத்தில் அவள் கீழே பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். அதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. என் நினைவில் நிற்பது அன்று திரும்பி வந்த பிரயாணம்தான்.

பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால். சாயங்கால வெயில் ஈரத் தார்ச்சாலையில் பட்டு எதிரே கண்ணைக் கூச வைத்தது. ஜன்னல் வழியே அறுத்த புல் வாசனை வந்தது. காலையில் போல இப்போது அவர் கால் தரையை அழுத்தவில்லை. கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, பள்ளியில் தப்புச் செய்த பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

பாதி வழியில் பஸ் ஒரு டீக்கடையில் நின்று கிளம்பியது. அப்போதுதான் பொடிசு கேட்டாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"மூணாவது எழுதும்போது தெரிஞ்சிடுச்சுன்னியே. அப்போ என்ன நினைச்ச?"

"நினைக்கலைம்மா. நீ மாடியில பாடம் படிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்படியே இருந்தா நல்லாயிருக்கும்னு இருந்தது."

"நாலாவது எழுதும்போது?"

"அப்போ நினைச்சேன். அந்த ஊர் வாசல்ல யார் ஏறுறா, யார் இறங்குறான்னு எனக்குத் தெரியாது. உனக்கு ஒண்ணுன்னா நான் வர ஏழு மணி நேரம் ஆகும். வேற ஒருத்தன் ஓட்டுற வண்டியில."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவள் தோள் அவர்மேல் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் இப்போது அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"சரி. அஞ்சாவதை எதுக்கு எழுதினே?"

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"நாலு கட்டம் எழுதினாலே விண்ணப்பம் செல்லும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. நீயும் அந்தச் சனிக்கிழமை அங்க இருந்தே. உனக்குத் தெரியும். இன்னைக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க? புதுசா பேர் சேர்க்க முடியாதுன்னு. நீ அதை எழுதாம விட்டிருந்தா இன்னைக்கு மாத்துறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது. நான் வீட்லயே இருந்திருப்பேன். ஏம்ப்பா எழுதினே?"

அது எனக்கும் தோன்றாத கேள்வி. அவர் முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார். பிறகு தொடைக்குக் கீழேயிருந்த கையை எடுத்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"விடலாம்னுதான் பேனாவை மூடினேன். மூடி வச்சிட்டு எழுந்துகூட நின்னேன். முடியலை. நீ வரைஞ்சு கொடுத்த காகிதத்துல அந்தப் பேரை மட்டும் கொட்டை எழுத்துல எழுதியிருந்தே. மறுபடியும் உட்கார்ந்து எழுதினேன்."

பஸ் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனது. எனக்கு முன்னால் அவர் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயது மனிதர், பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது, சத்தமில்லாமல் அழுதார். அவள் பையில் தேடினாள், கைக்குட்டை இல்லை. தாவணி போல மேலே போட்டிருந்த துணியின் முனையை இழுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்தது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது.

"அஞ்சு கட்டத்துக்கு உனக்கு ஒரு மார்க்குப்பா" என்றாள்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பாஸா?"

"பாஸுக்கு ரெண்டு வேணும்."

"அப்போ ஃபெயிலு."

"இரு, திருத்தி முடிக்கலை. இன்னைக்கு அந்த ஜன்னல்ல என்னை வச்சுக்கிட்டே உண்மையைச் சொன்னதுக்கு ஒண்ணு போடுறேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

"இதை உங்கம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நீதான் சொல்லணும்" என்றாள் பொடிசு. "நான் பக்கத்துல நிக்கிறேன்."